மலைக்குத் திரும்பிய ஆட்டக்காரர்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி இளைஞர் மன்றத்தார் நடத்திய கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டிலே நவநாள் நடந்தது, தியானம் நடந்தது, தேர்பவனியும் சிறப்பாக நடந்தேறியது. இன்று பந்தாட்டம் நடந்திருக்கிறது. “சாமி, கோவில் விழாவுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று நம் பங்குப் பெரியவர் ஒருவர் சென்ற வாரம் எம்மைக் கேட்டார். அவருக்கு மறுமொழி சொல்லும் எண்ணத்தோடுதான் ஓர் உரையை எழுதிக் கொண்டு வந்தோம். ஆனால் இன்று மாலை இந்த மைதானத்தின் ஓரத்தில் நின்றபோது எம் காதில் விழுந்த ஒரு சொல், உரையின் தொடக்கத்தையே மாற்றிவிட்டது.

இறுதி ஆட்டத்தில் நம் பங்கு அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. முடிவதற்குச் சில நிமிடங்களே இருக்கையில் நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. நம் பிள்ளைகளில் ஒருவன் உதைத்தான். பந்து கம்பத்துக்கு வெளியே போய், கீழே தேயிலைச் செடிகளுக்குள் மறைந்தது. ஆட்டத்தில் தோற்றோம். அது பெரிதல்ல. அப்போது நம் கூட்டத்திலிருந்தே ஒருவர் உரக்கச் சொன்னார்: “படிப்புக்கும் லாயக்கில்லை, பந்துக்கும் லாயக்கில்லை.” அந்தப் பிள்ளையின் தாயார் அருகிலேயே நின்றிருந்தார். காலை முதல் மூன்று மணி வரை கொழுந்து பறித்து, நிறுவை முடித்து, தலைக் கொங்காணியைக்கூடக் கழற்றாமல் மகனின் ஆட்டத்தைப் பார்க்க ஓடி வந்தவர். அவர் முகத்தை நாம் பார்த்தோம். சொன்னவர் இன்னார் என்று நாம் கேட்கப் போவதில்லை. கேட்டால், நம்மில் பலரும் தலை குனிய வேண்டியிருக்கும். ஏனெனில் படிப்பும் பந்தும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் எல்லோருமே ஏதோ ஒரு நாள் சொன்னவர்கள்தாம்.

ஆகவே, கல்லூரியில் பந்தாடிய ஒருவரின் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவரும் நம்மைப் போல் மலையில் பிறந்தவர். இந்தியாவின் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர். மருத்துவராகப் பட்டம் பெற்றவர். அவருடைய அணிக்கும் பெனால்டி தவறியது உண்டு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

அவரைப் பற்றிச் சொல்லுமுன், நம் மலையைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தாட்டம் சமவெளிக்காரர்களுக்கும் கல்கத்தாக்காரர்களுக்குமே உரியது என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. குன்னூருக்கு அருகே வெலிங்டனில் இருக்கும் மதராஸ் படைப்பிரிவுப் பயிற்சி மையத்தின் அணி, 1955ஆம் ஆண்டும் 1958ஆம் ஆண்டும் டுராண்ட் கோப்பையை வென்ற அணியாகும். 1888இல் சிம்லா மலையில் தொடங்கிய அந்தப் போட்டி, இந்தியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி. வெலிங்டன் அணியின் கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். 1956இல் மெல்பர்னிலும் 1960இல் ரோமாபுரியிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய அணியில் இடம் பெற்றவர்; 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியிலும் இருந்தவர்; 1967இல் அர்ஜுனா விருது பெற்றவர். நாம் பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் கடந்து செல்லும் வெலிங்டனுக்கு அத்தகைய பெருமை உண்டு. நிற்க.

நாம் சொல்ல வந்தவர் வேறு ஒரு மலையைச் சேர்ந்தவர். நமக்கு வெகு தூரத்தில், இந்தியாவின் வடகிழக்கு மூலையில் இருப்பவை நாகா மலைகள். அங்கே சாங்கி என்னும் சிற்றூரில், 1918ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28ஆம் நாள், தாலிமெரன் ஆவ் பிறந்தார். அவருடைய தந்தை போதகர். இம்பூர் என்னும் இடத்தில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனில் இறைப்பணி செய்தவர். நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பம் அல்ல. ஆனால் கிறிஸ்துவை ஆண்டவராக ஏற்றுக்கொண்ட குடும்பம். வீட்டிலே பிள்ளைகள் பலர். ஒரு போதகரின் வருமானத்தில் அத்தனை வயிறுகளும் நிறைய வேண்டும். உண்மையான பந்துக்கு அங்கே வழி ஏது? கந்தல் துணிகளைச் சுற்றிக் கட்டிய பந்தைத்தான் அச்சிறுவன் உதைத்து விளையாடினான் என்பார்கள். நம் லைன் வீடுகளின் வாசலில் காகிதத்தையும் பிளாஸ்டிக் பையையும் சுருட்டிக் கட்டி உதைக்கும் பிள்ளைகளை நாம் தினமும் காண்கிறோம். அவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

பின்னர் அவர் அசாமில் ஜோர்ஹாட் நகரத்து மிஷன் பள்ளியில் படித்தார். அங்கேயும் பந்தை விடவில்லை. 1935ஆம் ஆண்டு தந்தை டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். தம் மகன் மருத்துவம் படித்து, மருத்துவர் இல்லாத தம் மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பதே அந்தத் தந்தையின் விருப்பம்.

சகோதர சகோதரிகளே, இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்போம். இளைஞன் ஒருவன். தந்தை இல்லை. பின்னால் தம்பி தங்கைகள். காலிலே பந்து, தோளிலே தந்தையின் விருப்பம். நம்மிடம் யோசனை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? “தம்பி, பந்தை விட்டுவிடு, படிப்பைப் பார்” என்றுதானே சொல்லியிருப்போம்? நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்போம். ஆனால் அவர் எதையும் விடவில்லை. கவுகாத்தியில் காட்டன் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரிக்காக ஆடினார், அந்நகரத்து மகாராணா கழகத்துக்காகவும் ஆடினார். 1942ஆம் ஆண்டு கல்கத்தா சென்று கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி என்று இன்று நீங்கள் செய்திகளில் கேள்விப்படும் கல்லூரி அதுதான். மறு ஆண்டு, 1943இல், மோகன் பகான் கழகம் அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது.

மோகன் பகான் என்றால் சாதாரணக் கழகமல்ல. 1911ஆம் ஆண்டு ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியைத் தோற்கடித்து ஐ. எஃப். ஏ. கேடயத்தை வென்ற கழகம் அது. பூட்ஸ் அணிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியர்கள் வென்றனர் என்ற செய்தி அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. அந்தக் கழகத்தில், எங்கோ மலையிலிருந்து வந்த நாகா இளைஞர், எதிரிகளின் தாக்குதலைத் தடுத்து நிறுத்தும் இடத்தில் நின்று ஆடினார். பிறகு கழகத்தின் தலைவரும் ஆனார். ஒரு பக்கம் உடற்கூற்றுப் பாடமும் பிணவறையும். மறு பக்கம் ஆயிரக்கணக்கானோர் கூடும் கல்கத்தா மைதானம். உலக யுத்தம் நடந்த காலம். வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டு. அந்தச் சூழலில்தான் அவர் இரண்டு சுமைகளையும் சுமந்தார்.

இதனால் படிப்பு தாமதமாகவில்லையா என்று பெற்றோர் கேட்கலாம். உண்மையை மறைக்க மாட்டோம். 1942இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர் 1950இல்தான் பட்டம் பெற்றார். எட்டு ஆண்டுகள். நேரே ஓடியிருந்தால் முன்னமே முடித்திருக்கலாம். ஆனால் முடித்தார் என்பதை மறக்க வேண்டாம். காலம் தாழ்ந்தது, காரியம் கெடவில்லை.

இனி லண்டனுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டு. நம் நாடு விடுதலை பெற்று ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. ஜூலை 29ஆம் நாள் வெம்பிளி மைதானத்தில் ஒலிம்பிக் தொடக்க விழா. சுதந்திர இந்தியா முதன்முறையாக ஒலிம்பிக்கில் கலந்துகொள்கிறது. அணிவகுப்பிலே இந்தியாவின் மூவர்ணக் கொடியை ஏந்திச் சென்றவர் யார் தெரியுமா? கந்தல் பந்தை உதைத்த அதே போதகர் மகன். கால்பந்து அணியின் தலைவரும் அவரே.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 31ஆம் நாள், லண்டனை அடுத்த இல்ஃபர்ட் நகரில் பிரான்சு நாட்டோடு ஆட்டம். நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு, சிலர் கட்டு மட்டும் கட்டிக்கொண்டு இறங்கினர். அங்கிருந்தவர்கள் வியந்தனர். ஏன் பூட்ஸ் போடவில்லை என்று கேட்ட செய்தியாளரிடம், காலால் ஆடுவதுதானே கால்பந்து, நீங்கள் ஆடுவது பூட்ஸ் பந்து அல்லவா என்று ஆவ் வேடிக்கையாகப் பதில் சொன்னாராம். ஏழ்மையைக் குத்திக்காட்டக்கூடிய ஒரு கேள்வியைச் சிரிப்பாக மாற்றிய பதில் அது. கோபம் இல்லை, தாழ்வு மனப்பான்மையும் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. முதலில் பிரான்சு ஒரு கோல் போட்டது. இந்தியா விடவில்லை. பிற்பாதியில், எழுபதாவது நிமிடத்தில், மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த சாரங்கபாணி ராமன் கோல் அடித்துச் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுவே. இன்னொரு சேதியும் சொல்லிவிடுகிறோம். 1960இல் ரோமாபுரியில் பெரு நாட்டுக்கு எதிராக நம் தமிழ்நாட்டுக்காரரான சைமன் சுந்தரராஜ் அடித்த கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசிக் கோல். அதன் பிறகு இந்திய அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. முதல் கோல் ராமனுடையது. கடைசிக் கோல் சுந்தரராஜுடையது. நம் தென்னாட்டுப் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

இல்ஃபர்ட் ஆட்டத்துக்குத் திரும்புவோம். அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன. இரண்டும் கோலாகவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இன்னொரு கோல் போட்டது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தியா தோற்றது. இரண்டில் ஒன்று உள்ளே போயிருந்தால்கூட அன்றைய முடிவு வேறாக இருந்திருக்கும். தலைவர் என்ற முறையில் அந்தத் தோல்வியின் கனம் ஆவ் அவர்கள் மீதும் விழுந்திருக்கும். ஆனாலும் அந்த ஆட்டத்தைப் பார்த்த ஆங்கிலேய மக்கள் வெறுங்கால் இந்தியர்களை மனமாரப் பாராட்டினார்கள். தோற்றவர்கள் தலை நிமிர்ந்து வெளியே வந்தார்கள்.

பெனால்டி தவறவிட்டவர்களில் ஒருவர் சைலன் மன்னா. அவர் கதி என்னவாயிற்று? “பந்துக்கு லாயக்கில்லை” என்று யாரும் அவரை ஒதுக்கிவிடவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1951இல், டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது இந்திய அணிக்கு அவரையே தலைவராக்கினார்கள். இறுதி ஆட்டத்தில் ஈரானை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்று தங்கப் பதக்கம் வாங்கிக் கொடுத்தது அவருடைய அணி. லண்டனில் தவறிய காலை நம்பி நாட்டை ஒப்படைத்தார்கள். அந்தக் கால் நாட்டைக் கைவிடவில்லை. இன்று பெனால்டியைத் தவறவிட்ட நம் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று எமக்குத் தெரியும். பின்வரிசையில், கம்பளிக் குல்லாவை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தம்பி, இந்தப் பகுதி உனக்காகச் சொன்னது.

லண்டன் ஆட்டம் முடிந்த பின்பு, புகழ் பெற்ற ஆர்சனல் கழகம் ஆவ் அவர்களைத் தன்னிடம் ஆட அழைத்தது என்று அவரைப் பற்றி எழுதியோர் கூறுவர். வெளிநாடு, பெயர், பணம் எல்லாம் கண்முன்னே இருந்தன. அவர் கல்கத்தாவுக்குத் திரும்பினார். மருத்துவப் படிப்பு பாதியில் நின்றது. தந்தையின் விருப்பம் காத்திருந்தது. 1950இல் பட்டம் பெற்றார். அதன் பின்னும் வசதியான நகரத்திலேயே தங்கியிருக்கலாம். மோகன் பகான் தலைவராக இருந்த டாக்டர் என்றால் கல்கத்தாவில் கூட்டத்துக்கா குறைச்சல்? அவரோ அசாமில் திப்ருகர் மருத்துவக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் சில காலம் பணியாற்றிவிட்டு, 1953இல் கோஹிமா மருத்துவமனைக்கு உதவி சிவில் சர்ஜனாகச் சென்றார். தம் சொந்த மலைக்கே திரும்பிவிட்டார்.

அன்றைய கோஹிமா எப்படிப்பட்ட ஊர்? 1944இல் ஜப்பானியப் படைக்கும் நேச நாட்டுப் படைக்கும் நடந்த கடும் போரில் நொறுங்கிய ஊர். போர் முடிந்து பத்தாண்டு ஆகுமுன்பே நாகா மலைகளில் வேறு கலவரங்கள் மூண்டன. அமைதியற்ற மலை, சரியான சாலை இல்லாத கிராமங்கள், மருத்துவரையே கண்டிராத மக்கள். அங்கேதான் அந்த ஆட்டக்காரர் வெள்ளைக் கோட்டு அணிந்து நின்றார். 1963இல் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அம்மாநிலத்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து, 1978இல் பணி ஓய்வு பெற்றார். கால் நூற்றாண்டுச் சேவை. 1998ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் திமாப்பூரில், எண்பதாவது வயதில், இறைவனடி சேர்ந்தார்.

அன்பார்ந்தவர்களே, அவர் கொடி பிடித்ததும் கோப்பைக்கு ஆடியதும் பெருமைதான். ஆனால் அவர் திரும்பி வந்தாரே, அதையே நாம் மேலான பெருமையாகக் கருதுகிறோம். புனித சின்னப்பர் கொரிந்து நகர் விசுவாசிகளுக்கு எழுதும்போது ஓட்டப் பந்தயத்தை உவமையாக எடுத்துக் கொள்கிறார். பந்தயத்தில் கிடைக்கும் வாகை வாடிப் போகும். நாம் நாடும் வாகையோ வாடாதது என்பது அவர் கருத்து. மைதானத்தில் கற்ற ஒழுக்கத்தைக் கொண்டு, வாடாத வாகையைத் தேடியவர் டாக்டர் ஆவ். சிறுவர்களைத் தேடிப் போய், அவர்களோடு விளையாடி, அதன் வழியே அவர்களை ஆண்டவரிடம் கொண்டு சேர்த்த புனித தொன் போஸ்கோவையும் இங்கே நினைத்துக் கொள்வோம். கோவிலுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட நம் பெரியவருக்கு இதுவே எம் மறுமொழி.

இப்போது ஒரு குற்றத்தை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. குருமடத்திலே எமக்குப் பந்தாட்டம் ஒரு கடமையாகவே இருந்தது. மாலையில் மணி அடித்தால் அத்தனை பேரும் மைதானத்தில் நிற்க வேண்டும். மறுபடி மணி அடித்தால் புத்தகத்தின் முன் நிற்க வேண்டும். ஒன்று மற்றொன்றைக் கெடுத்ததாக எமக்கு நினைவில்லை. அப்படி வளர்க்கப்பட்ட நாமே, குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தபோது ஒரு தவறு செய்தோம். அங்கே பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பையன் அருமையாகப் பந்தாடுவான். மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது என்று அவன் தாயார் அழுதுகொண்டு எம்மிடம் வந்தார். நாம் சற்றும் யோசிக்காமல், “பூட்ஸைப் பூட்டி வையுங்கள், தானாகப் படிப்பான்” என்றோம். அவர் பூட்டி வைத்தார். பையன் மைதானத்துக்கு வருவதை நிறுத்தினான். சில மாதங்களில் பள்ளிக்கு வருவதையும் நிறுத்தினான். அவனை எழுப்பி உட்கார வைத்துக்கொண்டிருந்த ஒரே காரியத்தை நாம் பிடுங்கிவிட்டோம் என்பது பிறகுதான் எமக்கு விளங்கியது.

பல ஆண்டுகள் கழித்துத் திருப்பூர் பஸ் நிலையத்தில் அவனைக் கண்டோம். பனியன் கம்பெனியில் வேலை. மரியாதையாகத் தோத்திரம் சொன்னான். “இன்னும் ஆடுகிறாயா?” என்று கேட்டோம். “இல்லைங்க சாமி” என்று சிரித்தான். உழைத்துப் பிழைப்பது கேவலமல்ல, நேர்மையாக வாழ்கிறான். ஆனால் அந்தச் சிரிப்பு இன்றும் எம் மனத்தை விட்டு அகலவில்லை. பெற்றோர்களே, நாம் செய்த அந்தத் தவற்றை நீங்கள் செய்யாதிருக்கவே இதை மேடையில் சொல்கிறோம்.

இனி நம் பங்கைப் பார்ப்போம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே கோவில் எழுப்பியவர்கள் யார்? எஸ்டேட்டில் உழைத்தவர்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, குளிரிலும் மழையிலும் புதிதாக வாழ்க்கை தொடங்கியவர்கள். அவர்கள் கல் சுமந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று எங்கே? கோயம்புத்தூரில், திருப்பூரில், பெங்களூரில். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத ஆண்டுகளில் கீழே இறங்காமல் என்ன செய்வார்கள்? போனவர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் லைன் வீட்டில் நள்ளிரவில் ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறல் வந்தால், மஞ்சு மூடிய பாதையில் வண்டி வந்து சேரும் வரை அந்த வீட்டார் படும் பாட்டை நாம் நோயில்பூசுதல் கொடுக்கப் போகும் போதெல்லாம் பார்க்கிறோம். படித்தவர்கள் யாராவது திரும்பி வந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அப்போது எழாமல் இருப்பதில்லை.

முன்பு மருத்துவம் படிக்க வேண்டுமென்றால் நம் பிள்ளைகள் மலையை விட்டு இறங்கியே ஆக வேண்டும். இப்போது உதகையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடங்களில் ஏழரை விழுக்காடு தனி ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. தாலிமெரன் ஆவ் கல்கத்தா வரை போக வேண்டியிருந்தது. நம் எஸ்டேட் பள்ளிப் பிள்ளைக்கு உதகை பஸ்ஸே போதும். எல்லோரும் டாக்டராக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. செவிலியராகலாம், ஆசிரியராகலாம், தேயிலைத் தொழிற்சாலையில் பொறியாளராகலாம். பெண் பிள்ளைகளும் ஆகலாம், பந்தும் ஆடலாம். யாராக ஆனாலும், பெற்ற திறமையில் ஒரு பங்காவது இந்த மலைக்குத் திரும்ப வேண்டும். நம் கோரிக்கை இவ்வளவே.

பேசிவிட்டுப் போவது எளிது. ஆகவே பங்குப் பேரவையோடு கலந்து பேசி ஒரு முடிவு செய்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை முதல், மாலை நாலரை மணியிலிருந்து ஆறு மணி வரை இந்த மைதானம் நம் பங்குப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும். ஆறு மணிக்கு மூவேளைச் செப மணி அடித்ததும் பந்து அறைக்குள் போகும். ஆறரை மணி முதல் ஒன்பது மணி வரை பங்கு மண்டபத்தில் விளக்கு எரியும். மேசையும் புத்தகமும் இருக்கும். லைன் வீட்டு ஒற்றை அறையில், தொலைக்காட்சிச் சத்தத்தின் நடுவே படிக்க முடியாத பிள்ளைகள் அங்கே வந்து படிக்கலாம். நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியர்கள் இருவர் முறை வைத்து உதவ முன்வந்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு வருபவன் படிப்புக்கும் வர வேண்டும் என்பது ஒரே விதி. எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் இடமுண்டு.

மண்டபத்துச் சாவியைப் பொறுப்பாக வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். தினமும் மாலையில் பந்தை எடுத்துக் கொடுத்து, எண்ணி வாங்கி, இரவில் விளக்கை அணைத்துப் பூட்டும் பொறுப்பு. யாரிடம் கொடுப்பது என்று மதியம் வரை யோசித்துக்கொண்டிருந்தோம். இன்று மாலை ஆட்டத்தைப் பார்த்த பிறகு யோசனை தீர்ந்துவிட்டது. பெனால்டி நமக்குக் கிடைத்தபோது, உதைக்கப் பலரும் தயங்கினார்கள் என்பதை நாம் கவனித்தோம். ஒருவன் மட்டும் முன்னே வந்து பந்தை எடுத்து வைத்தான். தவறினால் ஊரே பேசும் என்று தெரிந்தும் வந்தான். பொறுப்பை ஏற்கும் மனம் அதுதான். தம்பி, குல்லாவைக் கழற்றிவிட்டு மேடைக்கு வா. வெற்றி பெற்ற அண்டைப் பங்கு அணிக்குக் கோப்பையை வழங்குமுன் இந்தச் சாவியை உன்னிடம் கொடுக்கிறோம். அம்மா, நீங்களும் மகனோடு வாருங்கள்.

மலைகளைப் படைத்த ஆண்டவர், மலைகளில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு உறுதியான கால்களையும் தெளிந்த அறிவையும் தந்தருள்வாராக. அவர்கள் எங்கே சென்றாலும் நல்லவர்களாக நடக்கவும், திரும்ப வேண்டிய வேளையில் திரும்பவும் அருள் புரிவாராக.  தந்தை, மகன், தூய ஆவியாரின் ஆசீர் உங்கள் அனைவர் மீதும், உங்கள் குடும்பங்கள் மீதும் தங்குவதாக.

ஆமென்.